நெய் டப்பாவில் தாத்தா

போன வருடம்தான் தொடங்கிய நெய் கம்பெனி. முதலாளிக்கோ நூறு வருடப் பெருமை வேண்டும்.

"எங்க தாத்தா மாட்டுப் பண்ணையில நிக்கிற மாதிரி ஒரு பழைய போட்டோ பண்ணிக் குடுய்யா."

டிசைனர் ஒரு படத்திலிருந்து தொழுவத்தையும் இன்னொன்றிலிருந்து பசுவையும் எடுத்து ஒட்டினான். கைவசம் இருந்த ஒரு முகத்துக்கு முண்டாசு கட்டி நடுவில் நிறுத்தினான். பழுப்பேற்றி, கறையும் மடிப்பும் சேர்த்தான்.

முதலாளி பூரித்துப்போய் டப்பாவில் அச்சடித்துவிட்டார்.

மறுமாதம் பதறிக்கொண்டு போன் செய்தார்.

"ஒரு பெரியவர் வந்திருக்காருய்யா. அச்சு அசலா அதே முகம்! டப்பாவுல இருக்கிறது அவரோட பெரியப்பாவாம். பங்கு கேட்டு என் நாற்காலியிலேயே உக்காந்துட்டார். போட்டோ பொய்னு நான் எப்படிச் சொல்றது? யார் முகம்யா அது?"

டிசைனர் சொன்னான்:

"என் மாமனார் சார். எங்க வீட்டுக்கும் ரெண்டு நாள் தங்கத்தான் வந்தார். இன்னும் போகலை."