கடந்தவர்: பூஜ்யம்

உலகத்தில் எந்த மனிதப் பிறவிக்கும் புறவழிச்சாலையை நடந்து கடக்கும் தேவை கிடையாது. இதை அறிவியல் முறைப்படி நிரூபித்தவர் சாலைப் பொறியாளர்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே மூன்று நாள் ஆள் போட்டு எண்ணினார். படிவத்தில் ‘நடந்து கடந்தவர்’ என்ற கட்டத்தில் மூன்று நாளும் பூஜ்யம். ஆளே கடக்காத இடத்தில் வெள்ளைக்கோடு எதற்கு, சிக்னல் எதற்கு? கோப்பை மூடிவிட்டார்.

கடக்க முடியாததால்தான் கடக்கவில்லை என்று மனு கொண்டுவந்தாள் ஒரு தையல்காரம்மா. பிள்ளையைக் கூட்டிவர ஆட்டோ பிடித்து, பாலம் வரை போய்ச் சுற்றித்தான் அந்தப் பக்கம் சேர்கிறார்களாம்.

“ரோட்டைத் தாண்ட ஆட்டோவா? அப்ப வாசப்படி தாண்ட ஏரோப்ளேனா?” என்றார் பொறியாளர்.

அலுவலகமே சிரித்தது. சிரிப்பு வராதவர்களுக்கும் பதவி உயர்வு வேண்டியிருந்தது.

அந்த நகைச்சுவைக்கு ஒன்பது நாள் வயதானபோது, பொறியாளரின் கார் பட்டறையில் கிடந்தது. மனைவி காய்ச்சலில் கிடந்தாள். பேருந்திலிருந்து இறங்கியவர் அதே பள்ளிக்கூடத்துக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம் நின்றார்.

அந்தப் பக்கம், ஒன்றாம் வகுப்பு விட்டு, அவருடைய மகள்.

லாரி. பேருந்து. மறுபடி லாரி. வலது காலை வைத்தார், எடுத்தார். இடது காலை வைத்துப் பார்த்தார். ராசி இடதுக்கும் இல்லை.

மகள் அவரைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் பல், முன்னால் இரண்டு மட்டும் இல்லை.

உள்ளே போ என்று கையை ஆட்டினார். அவருடைய கைக்கு ‘போ’வும் ‘வா’வும் ஒரே ஆட்டம்தான், முகத்தைப் பார்த்துத்தான் வீட்டில் புரிந்துகொள்வார்கள். நாலு வழிச்சாலைக்கு அப்பால் முகம் தெரிவதில்லை.

அவள் ஒரு காலைச் சாலையில் இறக்கினாள்.

பொறியாளர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, தொண்டை கிழிய அலறினார்.

“ஸ்டாச்சூ!”

வீட்டில் விளையாடுவது, தூக்கிய கை இறங்கும்வரை அசையக் கூடாது. அவள் அப்படியே உறைந்தாள். ஒரு கால் நடைபாதையில், ஒரு கால் தாரில்.

அவளைச் சுற்றி நின்ற ஏழெட்டுப் பிள்ளைகளும் உறைந்தார்கள். ஒருவன் மூக்கில் விட்ட விரலோடு.

“நாங்க எல்லாருமே அப்படித்தான் சார் நிக்க வெச்சுட்டுப் போறோம்,” என்றது பக்கத்தில் ஒரு குரல். தையல்காரம்மா. அவளும் கையைத் தூக்கியிருந்தாள். “நாங்க போய்ச் சேர ஏழு நிமிஷம் ஆகும். என் பையன் அசைய மாட்டான். உங்க பொண்ணு எவ்வளவு நேரம் நிப்பா?”

இருபது எண்ணும்வரை. அதற்குமேல் அவள் நின்றதே இல்லை, சிரித்துவிடுவாள்.

ஒரு பேருந்து அவள் பாவாடையைப் படபடக்க வைத்துவிட்டுப் போனது. அவள் உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள்.

தூக்கிய கைகளில் ஒன்றை, அவளுக்குத் தெரியாதபடி மெல்ல இறக்கி, ஆட்டோவை மறித்தார்.

“எங்க சார்?”

“எதிர்ப் பக்கம்.”

ஓட்டுநர் சிரிக்கவில்லை. மீட்டரைப் போட்டார்.

ஆட்டோ அவளைவிட்டு விலகி, பாலத்தை நோக்கி ஓடியது. பொறியாளரின் ஒரு கை மட்டும் வெளியே, இறங்காமல்.