திருட்டு மூச்சு

வாத்தியங்கள் தங்களுக்குள் வம்பளந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு வேதக்கோயிலில் பாடகர் குழு பாடிவந்த ஆராதனைப் பாட்டை ஈஸ்டருக்காகப் பித்தளை வாத்தியங்களுக்கு மாற்றி எழுதிக் கொடுத்தது ஆர்மோனியம்.

கூட்டத்திலேயே பெரிய பித்தளைக் குழலான டியூபா தன் தாளை எடுத்துப் பார்த்தது. கடைசி ஆமென் முழுக்க ஒரே சுரம். நடுவில் மூச்சு வாங்க இம்மி இடமில்லை.

"அண்ணாச்சி, இதை ஊதினா எனக்குக் கண்ணு சொருகிடும்."

துருத்தியால் பிழைக்கும் ஆர்மோனியத்துக்கு மூச்சுமுட்டல் என்றால் என்னவென்றே தெரியாது. "பாடகர் குழு இருபது வருஷமா ஒரு தடவைகூட சுரத்தை அறுக்கலை. அண்டா கணக்கா உடம்பு வளர்த்தா போதுமாடே?" என்று விரட்டியது.

பாதியில் நின்றால் சபையே சிரிக்கும். அப்புறம் தன் வாயில் மண்ணைப் போட்டுக் குரோட்டன்ஸ் செடி நட்டுவிடுவார்கள் என்று டியூபா பயந்தது.

பக்கத்திலிருந்த டிராம்போன் காதோடு சொன்னது: "மக்கா, பாடகர் குழுவுல நாப்பது பேரு. ஒருத்தர் திருட்டு மூச்சு வாங்கும்போது மத்தவங்க இழுத்துப் பிடிப்பாங்க. நாப்பதும் திருட்டுக் கூட்டம்! எனக்கும் அதே சுரந்தான். நீ திருடும்போது நான் ஊதுதேன், நான் திருடும்போது நீ ஊது."

ஈஸ்டர் காலையில் அந்த ஆமென் அரை மைல் நீளத்துக்குப் போனது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தனவே தவிர, சுரம் அறுபடவில்லை.

"பாத்தியாலே! மூச்சே வாங்காம ஊதிட்டியே!" என்று பூரித்தது ஆர்மோனியம்.

டியூபா நெஞ்சு நிறைய, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு மூச்சு வாங்கிக்கொண்டது.

"எல்லாம் உங்க எழுத்தோட மகிமை, அண்ணாச்சி."