பனிமேல் பச்சரிசி மாவு

கைபேசித் திரை முழுக்க ஒரே வெள்ளை.

“போட்டுட்டேன் வசு. நீ அனுப்பின படத்துல கீற மாதிரியே, ஒரு சுழி பிசகல” என்றான் திருவேங்கடம்.

லடாக்கில், ராணுவ முகாமின் வாசலில் நின்றிருந்தான். மீசை நுனியில் பனி உறைந்திருந்தது. அவனுக்குப் பின்னால் மலைகள் காலை வெயிலில் பொன்னாக மின்னின. ஓர் அருவி விழும்போதே உறைந்துபோய், பாறையில் கண்ணாடித் திரையாகத் தொங்கியது.

வசுமதி மலைத்துப்போய்ப் பார்த்தாள். மாமல்லபுரத்தில் மார்கழி என்றால் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வதோடு சரி.

ஆனால் கோலத்தைத்தான் காணோம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெள்ளைப் பனியில் கோலம் போட வெள்ளை மாவை அனுப்பியிருக்கிறாள்!

பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். சிற்பக்கூடத்தில் வேலை செய்பவள்.

“எங்க பட்டறையில கல்லு மாவு கொட்டிக் கெடக்குது, ஒரு பை எடுத்துக்கினு போன்னு சொன்னேனா இல்லியா? அதுன்னா சாம்பலாவாவது தெரிஞ்சிருக்கும். எறும்புகூட இல்லாத எடத்துல அரிசி மாவ எதுடி துன்னப் போவுது?”

வசுமதிக்குக் கல்யாணமாகி முதல் மார்கழி. அவன் வாசல் வெறுமையாக இருக்கக் கூடாது. அந்த வாசலில் ஓர் உயிராவது பசியாற வேண்டும். அவன் நல்லபடியாக ஊர் திரும்ப வேண்டும். தலசயனப் பெருமாளிடம் இப்படித்தான் வேண்டிக்கொண்டு, பச்சரிசியை ஊறவைத்து இடித்து அனுப்பியிருந்தாள்.

கண்கள் நிறைந்துவிட்டன.

“இரு, இரு. சத்தம் போடாத” என்றான் அவன்.

ஒரு குருவி வந்து இறங்கியது. குளிருக்கு உடம்பை உப்பிக்கொண்டு, பஞ்சு உருண்டை போல இருந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு ஒரு கூட்டமே வந்துவிட்டது.

தலையைக் குனிந்து கொத்தத் தொடங்கின.

கண்டபடி சிதறி அல்ல. வரிசையாக, வளைந்து, சுற்றி, மறுபடி வளைந்து. வெள்ளைப் பனியின்மேல் பழுப்புச் சிறகுகளால் இழுத்த ஒரு கோடு.

சம்பூர்ணம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வசுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைபேசியை முகத்தருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள்.

“ஏங்க, ஒரு சுழிய வுட்டுட்டீங்களே! அந்த எடது மூலையில பாருங்க, குருவியே இல்ல!”