கதிர்காமத்து நூல்

ராகுலன் சேருக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரே நூல்கட்டை, மூன்று சாமி!

காலையில் அவருடைய மகள் யதுஷாவின் கையில் அந்த வெள்ளை நூலைக் கட்டும்போது, வார்ட் கூட்டுகிற வெள்ளையம்மா, “கதிர்காமத்து நூலுங்க” என்றாளாம். மனைவி அருந்ததியும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். இப்போது அதே கட்டையிலிருந்து அறுத்து, பக்கத்துக் கட்டில் சிங்களத் தாயிடம், “பன்சலையில் பிக்கு ஓதிக் கொடுத்த பிரித் நூல்” என்கிறாள். அதற்கடுத்த கட்டில் கொட்டாஞ்சேனைக்காரியிடம், “அந்தோனியார் கோயில் நூல்.”

ராகுலன் சேர் வெள்ளவத்தையில் இரசாயனவியல் ரியூஷன் நடத்துபவர். மூடநம்பிக்கையை வகுப்புக்கு வகுப்பு கிழித்துத் தொங்கவிடுபவர். அவரிடமே இந்த வேலையா?

“நீர் ஆஸ்பத்திரி கூட்ட வந்தனீரோ, கோயில் நடத்த வந்தனீரோ?”

“புள்ளைக்கு நல்லதுதாங்க சார். கழட்டிறாதீங்க.” சொல்லிவிட்டு அவள் விளக்குமாற்றோடு நகர்ந்தாள்.

சேர் நேரே நர்ஸ் மேனகாவிடம் போய்க் கத்தரிக்கோல் வாங்கி வந்தார். நிமோனியாவுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த சின்னக் கை, ஆடாமல் இருக்கச் சிறு பலகை வைத்துச் சுற்றிய பண்டேஜுக்குள் கிடந்தது. பண்டேஜுக்குச் சற்று மேலே நூல்.

கத்தரிக்கோலைக் கிட்டக் கொண்டுபோனார். கதிர்காமம் என்று சொல்லித் தொலைத்துவிட்டாளே, பாவி! அது பொய் என்று அவருக்குத் தெரியும். முருகனுக்கும் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.

“சரி, கிடக்கட்டும். வெட்டினால் பிறகு நீர் அழுவீர்.” மனைவி மேல் பழியைப் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

மத்தியானம் யதுஷா சிணுங்கத் தொடங்கினாள். “கை நோகுது அப்பா.”

“ஊசி குத்தினால் நோகாமல் என்ன செய்யும்? கெட்டிக்காரியெல்லோ, கொஞ்சம் பொறும்மா.”

மூன்று மணிக்குத் தரை துடைக்க வந்த வெள்ளையம்மா, நூலுக்கடியில் தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தாள். போகவில்லை.

“மிஸ்! நூலு இறுகிப்போச்சு! ஓடியாங்க!”

“நூல் இறுகினதுக்கும் கூப்பாடோ?” என்றார் ராகுலன் சேர்.

மேனகா வந்து, கட்டிலில் தொங்கிய அட்டையைத் தட்டிக் காட்டினாள். “கை நோர்மல் என்டு மணிக்கு மணி எழுதித்தானே இருக்கு?”

வெள்ளையம்மா விடவில்லை. வாளியை நடுவழியில் வைத்துவிட்டு அவள் போட்ட சத்தத்தில் டொக்டர் சாந்தனே வந்துவிட்டார். பண்டேஜைப் பிரித்தார்.

கை அடுப்பில் உப்பிய பணிஸ் மாதிரி வீங்கி, தோல் வெளுத்துப் பளபளத்தது. மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்து, சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

உடனே ஊசியை இழுத்தார்கள். “இன்னும் ரெண்டு மணித்தியாலம் போயிருந்தால் விரல்களைக் காப்பாத்துறது கஷ்டம்,” என்றார் டொக்டர்.

அருந்ததி அழுதாள். பிள்ளை நோகுது என்று சொன்னபோது தான் சொன்ன பதில் சேரின் நெஞ்சைக் குத்தியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு அந்த அட்டையைப் பார்த்தார். அப்போது மணி மூன்றரைதான். நாலு மணிக்கும் ‘நோர்மல்’ எழுதியிருந்தது.

மாலையில் வீக்கம் வற்றத் தொடங்கிய பிறகு, அவர் வெள்ளையம்மாவைத் தேடிப் போனார். “அந்த முருகன்தான் உங்களை அனுப்பினவர், அம்மா.”

“முருகன் எங்கங்க? மருதானையில தையல் கடை நூலு சார் அது. ஒரு வெரல் போற மாதிரி தளரக் கட்டுவேன். கை வீங்குனா வெரல் போகாது. போன வருஷம் ஒரு புள்ளைக்கு பண்டேஜுக்குள்ளயே வீங்கி, யாருக்கும் தெரியாம கை போயிருச்சுங்க.”

“இது முழு விஞ்ஞானமெல்லோ! இதை அப்படியே சொல்லிக் கட்டியிருக்கலாமே?”

வெள்ளையம்மா தரை துடைக்கும் துணியைப் பிழிந்தபடியே சொன்னாள்:

“மொதல்ல அப்படித்தாங்க சொன்னேன். ‘குப்பை கூட்டுறவ எங்களுக்குப் படிச்சுக் குடுக்கிறாளா’ன்னு எல்லாரும் வெட்டிப் போட்டுட்டாங்க. சாமி பேரச் சொன்னாத்தான் சார், படிச்சவங்க கத்தரிக்கோலக் கீழ வைக்கிறாங்க.”