எதுவும் தெரியாத டீச்சர்

பிலோமினா டீச்சருக்கு வகுப்பில் எதுவும் தெரியக் கூடாது. பிள்ளைகள்தான் அவருக்குச் சொல்லித்தர வேண்டும். அப்போதுதான் அவர்களுக்கே பாடம் பதியும் என்பது வகுப்பறைப் பக்கமே வராத கல்விக் கோட்பாட்டுக் குழுவின் முடிவு. தப்பாகச் சொன்னாலும் தலையாட்ட வேண்டும். திருத்தினால் வேலை போய்விடும். சுவரில் ஒரு கருவி எப்போதும் கவனித்துக்கொண்டிருந்தது.

நான்காம் வகுப்பு மாரிச்செல்விக்கு மட்டும் டீச்சர் நடிக்கிறாரோ என்று சந்தேகம். ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று அவள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னபோது டீச்சரின் புருவம் லேசாகத் துடித்ததைப் பார்த்திருந்தாள்.

இன்று அவள் உள்ளங்கையில் ஒரு கொட்டை இருந்தது.

"டீச்சர், இது பாதாம். இப்படித்தான் திங்கணும், பாத்துக்கோங்க."

டீச்சரின் முகத்தையே பார்த்தபடி அதை மெல்ல வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஏட்டி, கீழ போடு! அது அரளிக்கொட்டை, விஷம்!"

டீச்சர் பாய்ந்து வந்து தட்டிவிட்டார். சுவர்க் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மாரிச்செல்வி அசையவில்லை. அது அரளி என்று அவளுக்கும் தெரியும்.

"அப்போ உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்றாள். பிறகு அவள் குரல் உடைந்தது.

"இத்தன நாளா நாங்க சொன்னதுல எதெல்லாம் தப்பு, டீச்சர்?"