கேட்டல் பாடம்

லண்டனில் குடியேறப் போகும் நிப்ராஸுக்கு, புத்தளத்தில் ஹஸ்மியா டீச்சர் உயிரைக் கொடுத்து ஆங்கிலம் படிப்பித்தாள். பேச்சைவிடக் கேட்டு விளங்குவதில்தான் அவனைப் போட்டு வாட்டினாள்.

“கதைக்கத் தெரிஞ்சா போதாதா டீச்சர்?”

“போதாது. அங்க உள்ளவங்க முதுகுக்குப் பின்னால முணுமுணுத்தாலும் உங்களுக்கு விளங்கோணும்.”

சோதனையில் தேறியவன் தொதல் இனிப்போடு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் ஹஸ்மியாவின் தங்கை கொதித்தாள்.

“நாங்க மன்னாரால இடம்பெயர்ந்து வந்த நேரம், ‘அகதிக்குத் தண்ணி இல்ல’ எண்டு உம்மாட குடத்தக் காலால எத்தினவன் இவன்தானே ராத்தா? இவனுக்கா இவ்வளவு பாடுபட்டீங்க?”

ஹஸ்மியா தொதலில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

“ஓம். அண்டைக்கு இவன் ஏசினது ஒரு சொல் விடாம எங்களுக்கு விளங்கிச்சே. நாளைக்கு அங்க அவங்க ஏசுறதும் இவனுக்கு அப்படியே விளங்கோணும்.”