தொண்டைப் படம்

ஒரு பெட்டிக்கடையில் சிகரெட் பாக்கெட்டும் மாம்பழ வாசனை போட்ட இ-சிகரெட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பாக்கெட்டின் இரண்டு பக்கமும் புண் வைத்த தொண்டைப் படம்.

"உன் மேல என்ன படம்டா போட்டிருக்கான்?" என்று கேட்டது பாக்கெட்.

"மாம்பழம், அண்ணே."

"கொடுத்து வச்சவன்டா நீ."

அப்போது தவசீலன் வந்தான். அதுவரை ஒரு முறைகூடப் புகைத்ததில்லை. "புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு எதுங்க நல்லது?" என்று, செருப்பு வாங்க வந்தவனைப் போலக் கேட்டான். பாக்கெட்டை எடுத்துப் பார்த்து முகம் சுளித்துக் கீழே வைத்தான். இ-சிகரெட்டை முகர்ந்து சிரித்தான். அதையே வாங்கிக்கொண்டு போனான்.

'என் படம் ஒருத்தனைக் காப்பாத்திடுச்சு' என்று பாக்கெட் தன் புண்ணை முதல்முறையாகப் பெருமையோடு பார்த்துக்கொண்டது.

மூன்று மாதம் கழித்து அவனே திரும்பி வந்தான். "மாம்பழம் பத்தலைங்க. சிகரெட்டே குடுங்க."

பாக்கெட் தொண்டையை நன்றாக அவன் பக்கம் காட்டியது. அவன் திருப்பினான். பின்னாலும் அதே தொண்டை. கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டான்.

சட்டைப்பைக்குள்ளிருந்த மாம்பழம், "வாங்கண்ணே, இடம் இருக்கு" என்று தள்ளி உட்கார்ந்தது.